இடது ஷூவுக்குள் பெல்ட்

7

லத்தி என்ற பெயரைக் கேட்டாலே ஒரு காலத்தில் முந்நூறு கைதிகள் விறைத்து நிற்பார்கள். இன்று அந்த லத்தி தன் சொந்தக் கார் ஷெட்டில் குப்புறக் கிடந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால் விலங்கில் இருந்தன. உள்ளங்கால்கள் இரண்டும் அடி தாங்காமல் வெடித்திருந்தன. வலது காது பாதி கிழிந்து தொங்கியது. கழுத்தில் மின்சார ஒயர் மூன்று சுற்று இறுகியிருந்தது.

பிளேடு வாசலிலேயே நின்றுவிட்டான். காலையில் குடித்த டீ, மேலே வரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பிளேடு என்பது அவன் கையில் இருக்கும் ஆயுதம் அல்ல, வாயில் இருப்பது. அறுவை ஜோக் சொல்லியே ஆளைச் சாகடிப்பான் என்று கல்லூரியில் வைத்த பெயர். அந்தப் பெயரை நம்பி போலீஸ்காரர்கள் இரண்டு தடவை அவனை உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் ஒரு சீப்புதான் கிடைத்தது.

மேடம் பிணத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பதினெட்டு வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக உட்கார்ந்து பொய்ச் சாட்சிகளை எழுதி எழுதிக் கை வலித்து, இனி எழுதுவதற்குப் பதில் கண்டுபிடிப்போம் என்று துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். பழைய தோஷம், பேச்சும் சுருக்கம்தான்.

"ஷூ" என்றாள்.

சுவரோரமாக ஒரு ஜோடி ஷூ, அளவெடுத்து வைத்ததுபோல் நேராக நின்றது. இடது ஷூவுக்குள் பெல்ட்டைப் பக்கிள் உள்ளே போகும்படி இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு ஷூ லேஸையும் குறுக்கும் நெடுக்குமாக அதன்மேல் சுற்றி வைத்திருந்தது. வலது ஷூவில் வாட்ச், பர்ஸ், வீட்டுச் சாவி, எல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிச்சாக.

"கொல்ல வந்தவன் எவ்வளவு நறுவிசா அடுக்கியிருக்கான் பாருங்க மேடம்" என்றான் பிளேடு. "எங்க வீட்ல நான் உயிரோட இருந்தும் என் ஷூ ஜோடி சேர்ந்ததா சரித்திரமே இல்லை."

"ஆறு நாள் முன்னாடி செத்தவர்?" என்று மேடம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"அதே ஷூ, அதே பெல்ட், அதே விலங்கு" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கேஸை முடித்துவிட்ட மனிதர்போல் சாய்ந்து நின்றார். "அந்த ஆள் பேரு பூட்ஸ். இவங்க ரெண்டு பேரும் ராணுவச் சிறையில் கைதிக் காவல் பிரிவு. கைதியை உள்ளே எடுக்கும்போது பெல்ட்டையும் லேஸையும் உருவி வெச்சிடுவாங்க, தூக்கு மாட்டிக்கக் கூடாதுன்னு. அங்க பதினோரு மாசம் கைதியா இருந்த ஒரு பட்டாளத்து லாரி டிரைவர், 'எனக்குப் பண்ணினதை அந்த நாலு பேருக்கும் திருப்பிப் பண்றேனா இல்லையா பாரு'ன்னு டீக்கடையில் பத்து பேர் முன்னாடி சவால் விட்டிருக்கான். இப்ப பண்ணிட்டான். காலைல ஏழு மணிக்கு அள்ளிட்டு வந்தோம். நாலு மணிக்கு நீதிபதி முன்னால நிறுத்தறோம், வாக்குமூலத்தோட."

"கொடுத்துட்டாரா?"

"கொடுப்பான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த ஒற்றை வார்த்தையின் பொருள் பிளேடுக்குப் புரிந்தது. அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். அங்கே அவர்களுடைய வேனில் அந்த லாரி டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு ஷிப்ட் முடிந்த வெள்ளை உடுப்போடு காலை எட்டு மணிக்கு மேடம் வீட்டுக் கதவைத் தட்டியவள். "அவரு கையெழுத்துப் போட்டுட்டா தூக்குதான் மேடம். அடி தாங்காம போட்டுடுவாரு. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அழாமல் நின்றாள். அழுதிருந்தால் பிளேடு ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பான்.

மணி பதினொன்று.

*

லாக்கப்பில் டிரைவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கண் முழுவதுமாக மூடிவிட்டது. விரல்கள் பத்தும் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"கீழே விழுந்துட்டான்" என்றான் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள்.

"எத்தனை மாடியிலேர்ந்து?" என்று பிளேடு கேட்டான்.

மேடத்துக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அவள் ஒரு விநாடியைக்கூட ஆறுதல் சொல்லிச் செலவழிக்கவில்லை. "பிளேடு, பெல்ட்டைக் கழட்டு. ஷூவையும்."

"மேடம், வெளியே லேடீஸ் எல்லாம்..."

"கழட்டு."

பிளேடு ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் எல்லாவற்றையும் கொடுத்தான். மேடம் லேஸை உருவி, ஷூ, பெல்ட், லேஸ் மூன்றையும் கம்பிக்கு இடையே உள்ளே தள்ளினாள்.

"உங்களை அங்க உள்ளே எடுத்தப்போ இதையெல்லாம் எப்படி வெச்சாங்க? அதே மாதிரி வெச்சுக் காட்டுங்க."

டிரைவர் ஒற்றைக் கண்ணால் அவற்றைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? சுவத்துல மூக்கு ஒட்டற மாதிரி நிக்க வெச்சிருவாங்க. எல்லாம் முதுகுக்குப் பின்னாடிதான் நடக்கும். லேசாத் திரும்பினாலும் முட்டிக்குப் பின்னால ஒண்ணு விழும்."

"வெளியே விடும்போது?"

"சீல் வெச்ச சாக்குப்பையைக் கையில கொடுத்து, கேட்டுக்கு வெளியே போய்ப் பிரிச்சுக்கன்னுவாங்க. என் பையைத் தலைகீழாக் கொட்டினேன். அதுல எது எதுக்குள்ள இருந்துச்சுன்னு எவன் பார்த்தான்?"

"நாலு பேர்னு சொன்னீங்களாமே."

"பூட்ஸ், லத்தி, சாவி, பேனா. நாங்க வெச்ச பேருங்க அது. பூட்ஸ் மிதிப்பான், லத்தி அடிப்பான். சாவிதான் சார்ஜென்ட், கதவெல்லாம் அவன் கையில. பேனா ரிஜிஸ்டர் எழுதுவான்." டிரைவர் வறண்ட உதட்டை நக்கினான். "எனக்குப் பக்கத்து செல்லுல ஒரு சிப்பாய் ஒரு ராத்திரி செத்துப்போனான். ஒன்பது வருஷம் ஆச்சு. சுவத்து வழியா எல்லாம் கேட்டுச்சு. அவங்க அம்மா விடாம அலைஞ்சு போன மாசம்தான் விசாரணையைத் திரும்பத் திறக்க வெச்சிருக்காங்க. நாலு பேருக்கும் நோட்டீஸ் போயிருக்கு."

கான்ஸ்டபிள் தடியால் கம்பியைத் தட்டினான். நேரம் முடிந்தது.

வெளியே வந்ததும் மேடம் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். "கைதி பார்த்த ஜெயில் வேற, காவல்காரன் பார்த்த ஜெயில் வேற. கொலைகாரன் ஒரு கைதி பழி வாங்கின மாதிரி ஜோடிச்சிருக்கான். ஆனா கைதி கண்ணுல படவே படாத ஒரு வேலையை அத்தனை சுத்தமாச் செஞ்சு வெச்சுட்டான். கை பழகின பழக்கம். இது காவல்காரன் கை."

இன்ஸ்பெக்டர் அவளை முழுதாகப் பேசவிட்டார். பிறகு கொட்டாவி விட்டார். "பெல்ட்டைச் சுருட்டத் தெரியலைன்னு ஒருத்தனை விட்டுடச் சொல்றீங்க. நாலு மணிக்குள்ள இன்னொருத்தனைக் கொண்டாங்க. இல்லைன்னா இவன்தான்."

*

மீதி இருப்பது சாவி, பேனா இரண்டு பேர். பேனா வீட்டுக்கு நர்ஸ் போன் போட்டாள். அவனுடைய தங்கைதான் எடுத்தாள். அண்ணன் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்று விசும்பினாள்.

"அப்ப பேனாதான்" என்றான் பிளேடு வேனைக் கிளப்பிக்கொண்டே. "ரெண்டு பேரைத் தீர்த்துட்டு மூணாவது ஆளைத் தேடிப் போயிருக்கான். சாவியை நாம போய் எச்சரிக்கணும். எச்சரிக்கிற வரைக்கும் அவர் உயிரோட இருக்கணும்."

அவன் ஷூ, லேஸ் இல்லாமல் கிளச்சில் வழுக்கியது. பெல்ட்டும் லேஸும் லாக்கப்பிலேயே தங்கிவிட்டன. கேட்டதற்கு கான்ஸ்டபிள், சாட்சிப் பொருள் என்று சொல்லிவிட்டான்.

சாவி ஓய்வு பெற்றபின் ஒரு சலவை ஆலை நடத்திவந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் லாட்ஜ் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். இன்று வாசல் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஆள் உயரச் சலவை டிரம்கள் வாய் திறந்து வரிசையாக நின்றன. ஈரத் துணி மலைபோல் குவிந்த இரும்புத் தள்ளுவண்டிகள் நடுவே கிடந்தன. வேலையாட்கள் ஒருவரும் இல்லை.

"லீவு விட்டுட்டேன்" என்றார் சாவி. ஐம்பத்தைந்து வயது, கழுத்தே தெரியாத உடம்பு, மொட்டைத் தலை. சட்டைப் பையில் நூலில் கட்டிய ஒரு பென்சில். "அடுத்தது நான்தானே? என்னால மத்தவன் எவனும் சாகக் கூடாது. உட்காருங்க."

அவரே டீ போட்டுக் கொடுத்தார். டீ நன்றாகவே இருந்தது. பிளேடுக்கு அந்த ஆளைப் பிடித்துப்போய்விட்டது. தனக்கு ஆளைப் பிடித்துப்போனால் ஏதோ தப்பு நடக்கப்போகிறது என்பது அவன் அனுபவம்.

"உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் மேடம்.

சாவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவரை அதைப் பற்றி யாரும் கேட்டதில்லைபோல. "ஜனங்க என்ன நினைக்கறாங்க? கதவைப் பூட்டறதும் திறக்கறதும்னு. எங்க பிரிவு வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு. முட்டி போனவன், குடிகாரன், துப்பாக்கி பிடிக்க லாயக்கில்லாதவன், இவனுங்களைத்தான் கைதிக்குக் காவல் போடுவாங்க. பட்டாளத்துக்குள்ளயே அது குப்பைத்தொட்டி. ஒரே வருஷத்துல ஏழு கைதி தூக்குல தொங்கினதும்தான் மேல இருக்கறவங்களுக்கு உறைச்சுது. தனிப் பள்ளி வெச்சாங்க. பதினாலு வாரம். கையில் விலங்கு மாட்டறதுலேர்ந்து கலவரத்தை அடக்கற வரைக்கும். முதல் நாள் முதல் பாடம் என்ன தெரியுமா? தண்டனை கோர்ட் கொடுத்தாச்சு, நீ கொடுக்காதே. உயிரோட வாங்கினா உயிரோட ஒப்படை."

"கேட்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள் நர்ஸ். அவள் டீயைத் தொடவில்லை.

சாவி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. "ஒரு நிமிஷம். பாய்லர் பிரஷர் பார்த்துட்டு வந்துடறேன்." பின்பக்கம் போனார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"தற்கொலை பண்ணிப்பான்னு சந்தேகம் இருந்தா அவன் தனிக் கண்காணிப்பு. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்க்கணும். போர்வையைப் பார்த்துட்டு வரக் கூடாது, தோலைப் பார்க்கணும், மூச்சு விடறானான்னு பார்க்கணும். பார்த்துட்டு டிக் போடணும். இருபத்தாறு வருஷம் போட்டேன். இப்பவும் தூக்கத்துல எழுந்துடறேன்."

"செத்துப்போன சிப்பாயும் தனிக் கண்காணிப்புதானே?"

"ஆமா. ரிஜிஸ்டர் பேனா பொறுப்பு." குரலைத் தாழ்த்தினார். "வெளிப்படையாவே சொல்றேன். விசாரணை வந்தா மாட்டப் போறது அவன். பூட்ஸும் லத்தியும் உண்மையைச் சொல்றதா இருந்தாங்க. அதான் தீர்த்துக் கட்டிட்டான்."

இரண்டேகாலுக்கு மறுபடி எழுந்து போனார்.

"பாவம், சுகர்" என்றான் பிளேடு. "எங்க மாமாவும் இப்படித்தான். கல்யாண வீட்ல தாலி கட்டற நேரம் பார்த்து..."

"அந்தக் குழாயைத் தொடு."

பாய்லர் அறையிலிருந்து வரும் தடித்த நீராவிக் குழாய் பிளேடின் தலைக்கு மேல் போனது. தொட்டான். செத்தவன் கைபோல் சில்லென்று இருந்தது.

"ஆலைக்கு லீவு. அடுப்பு எரியலை. எந்தப் பிரஷரைப் பார்க்கப் போறார்?" என்றாள் மேடம், உதடு அசையாமல். "ரெண்டு மணி. ரெண்டேகால். அடுத்தது ரெண்டரைக்குப் போவார் பாரு."

பிளேடுக்கு உறைத்தது. டீக்கோப்பையைக் கீழே வைத்தான். அவர் எதையும் பார்க்கப் போகவில்லை. யாரையோ பார்க்கப் போகிறார். மூச்சு விடுகிறானா என்று பார்க்கப் போகிறார். வீட்டில் விருந்தாளி இருக்கட்டும், எதிரே துப்பறிகிறவளே உட்கார்ந்திருக்கட்டும், அந்த மனிதரால் அந்த ஒரு டிக்கைத் தள்ளிப்போட முடியவில்லை.

"தானே அடைச்சு வெச்ச ஆளுக்கும் அட்டவணைப்படி காவல் பார்க்கறார் மேடம்" என்று முணுமுணுத்தான்.

சாவி திரும்பி வந்தார், பேசினார், சிரித்தார். இரண்டரைக்கு எழுந்தார். இந்தத் தடவை பிளேடும் பின்னாலேயே எழுந்தான்.

*

பாய்லர் அறைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கதவு. கண் உயரத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. சாவி அதில் கண்ணை வைத்தார், பைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தார், பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

பிளேடு பூனைபோல்தான் நடந்தான். ஆனால் லேஸ் இல்லாத ஷூ பூனையின் காலில் கிடையாது. ஈரத் தரையில் அது 'சளக்' என்றது.

சாவி திரும்பிய வேகத்தில் கையில் தடி எங்கிருந்து வந்தது என்பதே தெரியவில்லை. முதல் அடி தோள்பட்டை எலும்பில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் பிளேடுக்கே கேட்டது. இரண்டாவது முட்டிக்குப் பின்னால். அவன் விழுவதற்குள் கையை முறுக்கி, முகத்தைத் தரையில் தேய்த்து, கழுத்தின்மேல் முழங்காலை வைத்துவிட்டார். அத்தனையும் இரண்டு மூச்சு நேரம்தான். முகத்தில் கோபமே இல்லை. வேலை பார்க்கிற முகம்.

"அசையாதே. அசைஞ்சா முறியும்" என்றார். குரலும் சாதாரணமாக இருந்தது.

மேடம் சலவைச் சோடா மூட்டைக்குள் கையை விட்டு ஒரு வாரி வாரி அவர் கண்ணில் வீசினாள். சாவி அலறினார். அலறிக்கொண்டே அவள் கழுத்தைச் சரியாகப் பிடித்தார். தூக்கி, பின்தலையைச் சலவை டிரம்மின் விளிம்பில் ஒரு மோது மோதினார். அந்தப் பெரிய டிரம் கோயில் மணிபோல் அதிர்ந்தது. இன்னொரு மோது. மேடத்தின் கண்கள் மேலே செருகின. மூக்கிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. பிளேடு ஒரு கையால் அவர் காலைப் பிடித்தான். அவர் உதைத்த உதையில் அவனுடைய இரண்டு பல் தொண்டைக்குள் போயிற்று.

அப்போதுதான் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.

கால் டன் ஈரத் துணியோடு நர்ஸ் அதைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். இரும்பு விளிம்பு சாவியின் முழங்காலில் மோதி, அவரைச் சுவரோடு சுவராக நசுக்கியது. அவர் மேடத்தை விட்டார். நர்ஸ் வண்டியைப் பின்னுக்கு இழுத்து மறுபடி மோதினாள். இந்தத் தடவை முழங்கால் வேறு பக்கம் மடங்கியது. அவள் மூன்றாவது தடவையும் இழுத்தாள்.

"போதும்மா" என்றாள் மேடம், தரையில் இருந்தபடியே. "உயிரோட வேணும்."

நர்ஸ் வண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் போதவில்லை. அது அவள் முகத்தில் அப்பட்டமாக எழுதியிருந்தது.

சாவியின் இடுப்பில் இருந்த விலங்காலேயே அவரைக் குழாயோடு பூட்டினார்கள். அவருடைய சாவிக்கொத்தை எடுத்து மேடம் இரும்புக் கதவைத் திறந்தாள்.

உள்ளே விரிப்பு இல்லாத மெத்தையில் ஒரு மெலிந்த மனிதன் சுருண்டு கிடந்தான். கால் சங்கிலி சுவரில் போய் முடிந்தது. இடது கையின் விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டின. வலது கையில் ஒரு கீறல்கூட இல்லை. எதையோ எழுதிக் கொடுக்க வேண்டிய கை அல்லவா, பத்திரமாக வைத்திருந்தார்.

"பேனா" என்றாள் மேடம்.

வெளியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முழங்கால் நொறுங்கிக் கிடக்கிற மனிதர் சிரிக்கிறார் என்பதை பிளேடால் நம்ப முடியவில்லை.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? ரொம்ப சந்தோஷம்" என்றார் சாவி. "கொலைகாரனை நான் பிடிச்சு வெச்சிருக்கேன். என்னைக் கொல்ல வந்தவனை மடக்கிப் பூட்டினேன். சாயந்திரம் போலீஸ்ல ஒப்படைக்கறதா இருந்தேன். அதுக்குள்ள மூணு பேர் உள்ளே புகுந்து என் காலை உடைச்சிருக்கீங்க. அவனையே கேளுங்க. சொல்லுடா பேனா."

மணி மூன்று பத்து.

பேனா கதவு வழியாகச் சாவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எதையும் பார்க்கலை" என்றான்.

பிளேடுக்கு உடைந்த தோளைவிட அது அதிகமாக வலித்தது. "யோவ், உன் விரலை எவன்யா உடைச்சான்? காத்து கருப்பா?"

"தெரியாது."

"சாவி உங்களை ஏன் அடைச்சு வெச்சார்னு நீங்க சொல்லணும்னா, அந்த ராத்திரி நீங்க ரிஜிஸ்டர்ல என்ன எழுதினீங்கன்னு சொல்லணும்" என்றாள் மேடம். "அதானே?"

பேனா தன் கால் சங்கிலியைப் பார்த்தான். "காவல்காரன் கைதியா உள்ளே போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நான் கண்ணால பார்த்திருக்கேன்" என்றான்.

நர்ஸ் உள்ளே வந்தாள். ஒரு சுத்தமான படுக்கை விரிப்பைப் பல்லால் கடித்து நீளநீளமாகக் கிழித்தாள். அவன் எதிரே உட்கார்ந்து, இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகக் கட்டத் தொடங்கினாள். அவன் வலியில் துடித்தான். அவள் கை நிதானமாக இருந்தது.

"நான் யாருன்னு தெரியுதா?"

அவன் தலையாட்டினான். தெரியும்.

"லீவு முடிஞ்சு பன்னண்டு நாள் லேட்டா வந்தாருன்னு உங்ககிட்ட அனுப்பினாங்க. பதினோரு மாசம் வெச்சிருந்தீங்க. ஒன்பது வருஷமா தினம் ராத்திரி தூக்கத்துல எழுந்து, நீங்க தலை எண்ண வர்ற மாதிரி கட்டில் பக்கத்துல விறைப்பா நிப்பாரு. கண் திறந்திருக்கும், ஆள் இங்க இருக்க மாட்டாரு. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அழுது பார்த்தேன். ஒரு நாள் எனக்கே தோணுச்சு. எதிர்ல போய் நின்னு, 'ஒண்ணு. சரி'ன்னேன். உடனே படுத்துட்டாரு." அவள் நடுவிரலை நேராக்கி இழுத்தாள். பேனா அலறினான். அவள் அலறல் அடங்கக் காத்திருந்தாள். "அன்னையிலேர்ந்து நான்தான் எண்ணறேன். நைட் ஷிப்ட் இருந்தா போன்ல எண்ணுவேன். உங்க வேலையை ஒன்பது வருஷமா நான் பார்த்துட்டிருக்கேன். நீங்க பேசினாலும் பேசாட்டியும் இந்தக் கட்டைப் போட்டுட்டுத்தான் போவேன். ஆனா இன்னிக்கு ராத்திரி எண்ணறதுக்கு எனக்கு ஆள் வேணும்."

வெளியே சாவி கத்தினார். "பேனா! வாயைத் திறந்தே, அந்தப் பதினாறு டிக்கும் உன் கையெழுத்துடா! என் கையெழுத்து ஒண்ணுகூடக் கிடையாது!"

அது அவர் செய்த தவறு. பேனா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போனைக் கொடுங்க" என்றான்.

மேடம் இன்ஸ்பெக்டரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று முப்பத்தைந்து.

பேனா தன் படை எண்ணைச் சொன்னான். பதவியைச் சொன்னான். பிறகு ரிஜிஸ்டரை வாசிக்கிறவன்போல் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனான். "அந்தச் சிப்பாயை நாலு பேரும் சேர்ந்து அடிச்சோம். ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு நின்னுபோச்சு. சார்ஜென்ட் சொன்னாரு, நான் எழுதினேன். ரெண்டேகால்லேர்ந்து காலைல ஆறு மணி வரைக்கும் பதினாறு டிக், உயிரோட இருக்கான்னு. ஆறேகாலுக்குத் தூக்குல தொங்கறதாப் போட்டேன். அதுக்கு முன்னாடி எழுதின நிஜப் பக்கத்தைக் கிழிச்சு ஒளிச்சு வெச்சிருக்கேன். அது எங்கன்னு கேட்டுத்தான் ரெண்டு நாளா என்னை அடிச்சாரு. விசாரணையில உண்மையைச் சொல்லிடுவாங்கன்னு பூட்ஸையும் லத்தியையும் கொன்னது இவருதான். எப்படிக் கொன்னாருன்னு ஒண்ணு விடாம என்கிட்ட சொன்னாரு, நான் பயப்படணும்னு. அந்த டிரைவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பக்கம் எங்க இருக்குன்னு எழுதிக் கொடுக்கறேன். என்னையும் அரெஸ்ட் பண்ணிக்குங்க."

போனில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஆளுங்களை அனுப்பறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் காலையில் இருந்த சாய்மானம் இல்லை. "யாரும் இடத்தை விட்டு நகராதீங்க."

நர்ஸ் எட்டி மேடத்தின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "முதல்ல அவரை அடிக்கறதை நிறுத்தச் சொல்லுங்க."

"என்னம்மா பேச்சு இது? உன் புருஷனை இங்க ஒருத்தரும் தொடவே இல்லை. சட்டப்படிதான் எல்லாம் நடந்துட்டிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர் கண்டிப்பாக.

பிறகு அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். சரியாகப் பொத்தவில்லை.

"டேய்" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. "போதும், நிறுத்துங்கடா."